பூட்டிய அலமாரியும் கோடு போட்ட நோட்டும்

ஐயா, வணக்கம். ஆபாசத் தளங்களுக்குள் வருபவர்களின் வயதைச் சரிபார்க்கச் சொல்லும் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலச் சட்டத்தைக் குறைகூறி நீங்கள் எழுதியதைப் படித்தேன். நான் பள்ளி ஆசிரியை. பதின்மூன்று வயது மகனின் கைபேசியில் பார்க்கக் கூடாததைப் பார்த்து, அவனை அடித்துவிட்டேன். இரண்டு நாட்களாக அவன் என்னோடு பேசவில்லை. மறைக்க ஒன்றுமில்லாத பெரியவர்களுக்கு அடையாள அட்டையைக் காட்டுவதில் என்ன நஷ்டம்? 2019இல் நம் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை டிக்டாக் செயலியைத் தடுக்கச் சொன்னதே, இங்கும் ஒரு சட்டம் வர வேண்டாமா?
ம., திருமங்கலம்

அன்புள்ள ம.,

டிக்டாக்கை விடுங்கள், அந்தத் தடையை அதே ஏப்ரல் மாதத்திலேயே நீதிமன்றம் நீக்கிவிட்டது. இங்கே தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67ஆம் பிரிவு ஆபாசத்தை வெளியிடுவதையே குற்றம் என்கிறது. வெளியிடவே கூடாத ஒன்றின் வாசலில் வயது கேட்க ஆள் நிறுத்துவது எப்படி என்று எனக்கு விளங்கவில்லை.

ஆனால், 'மறைக்க ஒன்றுமில்லாத பெரியவர்கள்' என்று எழுதியிருக்கிறீர்களே, ஓர் ஆசிரியை எழுதக் கூடிய சொற்களா இவை? போன வாரம் மேலூர்ப் பக்கம் என் அத்தையின் கருமாதிக்குப் போய்வந்ததிலிருந்து இதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் ஊர் நூலகத்தில் பூட்டிய அலமாரி ஒன்று இருந்தது. திருமணமாகி ஆறு வருடம் குழந்தையில்லாத அத்தை, கர்ப்பப்பை பற்றிய மருத்துவ நூல் ஒன்றை எடுத்துவர என்னை அனுப்பினாள். நூலகர் என்னைத் துரத்திவிட்டார்; அதில் தவறில்லை, எனக்கும் அப்போது பதின்மூன்று வயதுதான். மறுநாள் அவளே வந்தாள். சாவியோடு ஒரு கோடு போட்ட நோட்டும் வந்தது: பெயர், கணவர் பெயர், கதவு எண், காரணம். மேல் வரிசையில் எங்கள் தெருக்காரர் ஒருவரின் கையெழுத்தை அவள் அடையாளம் கண்டுகொண்டாள். பேனாவில் மை இல்லை என்று சொல்லிவிட்டு வெறுங்கையோடு திரும்பினாள். அவளிடம் மறைக்க என்ன இருந்தது, சொல்லுங்கள்?

அத்தை கேட்டது ஆபாசமல்லவே என்பீர்கள். அதை அந்த அலமாரிக்குள் வைத்துப் பூட்டியது யார்? நூலகரின் கூச்சம். டெக்சாஸ் சட்டத்திலும், ஒரு தளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சிறாருக்குத் தீங்கானது என்று யாரோ ஒருவர் அளந்து சொல்லியாக வேண்டும். அடையாள விவரத்தைச் சேமிக்கக் கூடாது என்று அந்தச் சட்டமே சொல்கிறது, உண்மைதான். எங்கள் நூலகரும் நோட்டு கணக்குக்கு மட்டும்தான் என்றார்.

சிறாருக்குத் தடை வேண்டாம் என்று நான் எங்கும் எழுதவில்லை. பதினாறு வயதுப் பையனுக்கு நிர்வாணப் படப் பத்திரிகை விற்ற கடைக்காரரின் தண்டனையை 1968இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சரியென்றதில் எனக்குக் குறையில்லை. கடைக்காரர் முகத்தைப் பார்ப்பார், மறந்துவிடுவார், நோட்டில் எழுத மாட்டார். 2025 ஜூன் 27 அன்று அதே நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் டெக்சாஸ் சட்டத்தை ஏற்றபோது, இந்த வேறுபாட்டுக்குத் தர வேண்டிய எடையைத் தரவில்லை என்பதே என் வருத்தம்.

உங்கள் மகனை மறந்துவிட்டேன் பாருங்கள். அடித்தது தவறு என்று உங்களுக்கே தெரியும், அதனால்தான் எனக்கு எழுதினீர்கள். அவன் பேசவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த இரண்டு நாளும் அவன் சாப்பிட்டானா என்று எழுதவில்லையே.