பூனைக்குத் தெள்ளுப்பூச்சி: கேள்விகளும் பதில்களும்

மழைக்காலம் தொடங்கிவிட்டால் வீட்டுப் பூனைகளின் தெள்ளுப்பூச்சித் தொல்லை பற்றிய கேள்விகள் பெருகிவிடுகின்றன. வந்தவற்றுள் ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன். பூனையின் எடையையும் வயதையும் பார்க்காமல் மருந்தின் அளவைச் சொல்வது முறையன்று. அதை உங்கள் கால்நடை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி (மதுரை): டாக்டர், எங்கள் பூனை ஓயாமல் சொறிகிறது, வாலின் அடிப்பகுதியை நக்கி நக்கி முடியே கொட்டிவிட்டது. ஆனால் முடியை விலக்கிப் பார்த்தால் ஒரு பூச்சியும் தென்படவில்லை. தெள்ளு இல்லை என்று எடுத்துக்கொள்ளலாமா?

எடுத்துக்கொள்ள முடியாது. பூனை விழித்திருக்கும் நேரத்தில் கணிசமான பகுதியைத் தன் உடலை நக்கிச் சுத்தம் செய்வதில்தான் செலவிடுகிறது. அதன் நாக்கில் பின்னோக்கி வளைந்திருக்கும் முட்கள் தெள்ளுகளைச் சீவி எடுத்துவிடுவதால், பிடிபட்டவை எல்லாம் வயிற்றுக்குள் போய்விடுகின்றன. அரிப்பு அதிகமுள்ள பூனைதான் அதிகமாக நக்கும் என்பதால், மிகவும் அவதிப்படும் பூனையின் மேலேயே ஒரு பூச்சியும் அகப்படாமல் போவது உண்டு. ஆகவே பூச்சியைத் தேடுவதைக் காட்டிலும் அதன் எச்சத்தைத் தேடுவதே நம்பத்தக்க வழி.

தலைப்பேன் வாரும் நெருக்கமான பல் சீப்பு ஒன்றும் ஈரமான வெள்ளைத் துணி ஒன்றும் போதும். பூனையைத் துணியின் மேல் நிறுத்தி, கழுத்தின் பின்புறத்திலிருந்து வால் அடிவரை, பற்கள் தோலைத் தொடும்படி மெதுவாக வாருங்கள். பிறகு அடிவயிற்றையும் வாருங்கள். சீப்பில் வரும் முடியையும் கறுப்புத் துகள்களையும் ஈரத்துணியில் தட்டிவிட்டுச் சிறிது நேரம் காத்திருங்கள். துகளைச் சுற்றிச் செம்பழுப்பு நிறம் கசிந்து பரவினால் அது தெள்ளின் எச்சம். உங்கள் பூனையின் இரத்தமே செரிமானமாகி உலர்ந்த வடிவம் அது. வெறும் தூசியாக இருந்தால் கறுப்பாகவே கிடக்கும். உயிருள்ள தெள்ளு பற்களுக்கு இடையே சிக்கினால் உடனே சோப்பு கலந்த நீரில் சீப்பை முக்கிவிடுங்கள். விரலால் நசுக்கப் பார்த்தால் அது நழுவித் தாவிவிடும். கழுத்தைச் சுற்றியும் முதுகிலும் கைக்கு நெருடலாகத் தட்டுப்படும் சிறு பொருக்குகள் தெள்ளுக்கடி ஒவ்வாமையின் அடையாளமாக இருக்கலாம். இந்த ஒவ்வாமை உள்ள பூனைக்கு ஓரிரு கடியே போதும், வாரக்கணக்கில் அரிக்கும்.

கேள்வி (திருச்சி): தெள்ளு, பேன், உண்ணி மூன்றையும் எப்படிப் பிரித்தறிவது?

தெள்ளு இரண்டு மில்லிமீட்டர் அளவில், பக்கவாட்டில் தட்டையாக, செம்பழுப்பாக இருக்கும். முடிகளுக்கு நடுவே விரைந்து ஓடும், தாவும். பேன் மெதுவாக நகரும், தாவாது, முட்டைகளை முடியிலேயே ஒட்டிவைக்கும். உண்ணிக்கு எட்டுக் கால்கள். தோலில் ஓரிடத்தில் வாயைப் பதித்து இரத்தம் குடித்து உப்பும். மூன்றுக்கும் மருந்து ஒன்றல்ல என்பதால், ஐயமிருந்தால் பூச்சியை வெள்ளை டேப்பில் ஒட்டி மருத்துவரிடம் எடுத்துச் செல்லுங்கள்.

கேள்வி (சென்னை): நாங்கள் மூன்றாம் மாடியில் குடியிருக்கிறோம், பூனை வாசலைத் தாண்டியதே இல்லை. தெள்ளு எங்கிருந்து வந்திருக்கும்?

பல வழிகள் உண்டு. பூனையின் பெயரைத் தாங்கிய இந்தத் தெள்ளு நாயின் மேலும் நன்றாக வாழும். மாடிப்படியில் படுக்கும் தெருப்பூனை, விருந்தினர் கூட்டிவந்த நாய், எலி என எதன் வழியாகவும் வரலாம். வாடகை வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்திருந்தால், முன்பு இருந்தவர்களின் செல்லப்பிராணி விட்டுச்சென்ற கூட்டுப்புழுக்கள் மாதக்கணக்கில் காத்திருந்து, ஆள் நடமாட்டம் தெரிந்ததும் வெளிவந்திருக்கலாம்.

கேள்வி (கடலூர்): ஐயா, வாரம் தவறாமல் தெள்ளு ஷாம்பு போட்டுக் குளிப்பாட்டுகிறோம். இரண்டு நாள் நன்றாக இருக்கிறது, பிறகு பழையபடி வந்துவிடுகிறது. பூனையும் குளியலுக்குப் பயந்து கட்டிலுக்கு அடியிலேயே ஒளிந்துகொள்கிறது.

பெரும்பாலான வீடுகளில் சிகிச்சை தோற்பது இந்த இடத்தில்தான் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். பூனையின் மேல் நீங்கள் காணும் வளர்ந்த தெள்ளுகள் வீட்டிலுள்ள மொத்தக் கூட்டத்தில் ஏறத்தாழ 5 சதவீதம் மட்டுமே என்பது பரவலாக ஏற்கப்பட்ட கணக்கு. மீதி 95 சதவீதம் முட்டையாகவும் புழுவாகவும் கூட்டுப்புழுவாகவும் உங்கள் சோபாவிலும் பாயிலும் கால்மிதியிலும் இருக்கிறது. பெண் தெள்ளு முதல்முறை இரத்தம் குடித்த ஓரிரு நாளிலேயே முட்டையிடத் தொடங்கி, நாளொன்றுக்கு 40 முதல் 50 வரைகூட இடும். வழவழப்பான அந்த முட்டைகள் முடியில் ஒட்டாமல் உதிர்வதால், பூனை எங்கே அதிகம் தூங்குகிறதோ அங்கேதான் அதிகம் சேரும். சில நாட்களில் பொரிக்கும் புழு வெளிச்சத்தை வெறுத்து மெத்தை மடிப்புக்குள்ளும் தரை விரிசலுக்குள்ளும் நுழைந்து, மேலிருந்து உதிரும் அந்த இரத்த எச்சத்தையே தின்று வளரும். அடுத்து, தூசி ஒட்டிக்கொள்ளும் பசையுள்ள கூட்டைப் பின்னிக்கொள்ளும். எந்தப் பூச்சிமருந்தும் எளிதில் ஊடுருவாத அந்தக் கூட்டுக்குள், சூடும் அதிர்வும் மூச்சுக்காற்றின் கார்பன் டை ஆக்சைடும் உணரப்படும்வரை அது மாதக்கணக்கில் காத்திருக்க வல்லது. வெப்பமும் ஈரப்பதமும் ஒத்துவந்தால் இந்தச் சுற்று முழுவதும் மூன்று வாரங்களில் முடிந்துவிடும். நம் கடலோர மாவட்டங்களில் பெரும்பாலும் ஆண்டு முழுவதும் ஒத்துவருகிறது.

இதைப் பார்த்தால் ஷாம்புவின் எல்லை விளங்கும். குளிக்கும் நேரத்தில் உடலில் இருப்பவற்றைத்தான் அது அகற்றுகிறது. மறுநாள் சோபாவிலிருந்து தாவும் புதிய தெள்ளைத் தடுக்கும் ஆற்றல் அதற்கு இல்லை. பூனையைக் குளியலால் வதைப்பதை நிறுத்திவிட்டு, ஒரு மாதம் பலன் தரும் தோல் சொட்டுமருந்தைப் போடுங்கள். வீட்டிலுள்ள எல்லாப் பூனைகளுக்கும் நாய்களுக்கும், அரிப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும், அதது இனத்துக்கு உரிய மருந்தை ஒரே நாளில் போட்டு, மாதம் தவறாமல் குறைந்தது மூன்று மாதங்கள் தொடருங்கள். ஒரு பிராணியை விட்டுவிட்டால் மற்றவற்றுக்குப் போட்டதெல்லாம் வீண்.

கூடவே வீட்டு வேலையும் நடக்க வேண்டும். பூனை படுக்கும் விரிப்புகளையும் தலையணை உறைகளையும் வாரம் ஒருமுறை 60 டிகிரி சூட்டு நீரில் துவைத்து உச்சி வெயிலில் காயப்போடுங்கள். வறட்சியும் நேரடி வெயிலும் புழுக்களைக் கொன்றுவிடும், நம் ஊரில் அவற்றுக்குப் பஞ்சமில்லை. வாக்குவம் கிளீனர் இருந்தால் சோபா இடுக்கு, கட்டிலின் அடி, பீரோவின் பின்புறம் ஆகியவற்றைத் தினமும் உறிஞ்சி எடுத்து, சேர்ந்த குப்பையை உடனே கட்டி வெளியே போட்டுவிடுங்கள். அதன் அதிர்வு கூட்டுக்குள் இருப்பவற்றை வெளியே வரத் தூண்டுவது கூடுதல் நன்மை. அது இல்லாதவர்கள் பெருக்கி ஈரத்துணியால் துடைத்து, தென்னைநார்க் கால்மிதியைச் சில வாரங்களுக்கு எடுத்துவிடலாம். பூச்சி ஒழிப்பு ஆட்களை அழைப்பதானால், தெள்ளின் வளர்ச்சியைத் தடுக்கும் மெத்தோபிரீன் அல்லது பைரிபுராக்சிஃபென் உள்ளதா என்று கேளுங்கள். வீட்டில் பூனை இருப்பதை முதலிலேயே சொல்லுங்கள். தெளித்தது முழுவதும் காயும்வரை பூனையை உள்ளே விடாதீர்கள்.

கேள்வி (சேலம்): எங்கள் நாய்க்கு வாங்கிய சொட்டுமருந்து மிச்சம் இருக்கிறது. பூனை சிறியதுதானே, இரண்டு சொட்டு மட்டும் விடலாமா?

வேண்டாம். தயவுசெய்து ஒரு சொட்டும் விடாதீர்கள். நாய்களுக்கான பல சொட்டுமருந்துகளில் பெர்மெத்ரின் இருக்கிறது. அதைச் சிதைத்து வெளியேற்றத் தேவையான நொதிச் செயல்பாடு பூனையின் கல்லீரலில் மிகக் குறைவு. நாய்க்குத் தீங்கு செய்யாத அளவு பூனையைக் கொன்றுவிடக்கூடும். உண்ணிக்காக நாய்களுக்குப் பயன்படுத்தும் அமிட்ராஸும் பூனைக்கு ஆகாது. மனிதர்களின் பேன் மருந்து சிலவற்றிலும் பெர்மெத்ரின் உண்டு. கரப்பான்பூச்சிக்குக் கோடு போடும் சாக்பீஸிலும் அதே வகையைச் சேர்ந்த நஞ்சு இருக்கிறது.

தெரியாமல் போட்டுவிட்டால், சில மணி நேரத்தில் காது துடிப்பது, தசை நடுங்குவது, எச்சில் ஒழுகுவது, தள்ளாடுவது, பிறகு வலிப்பு என்று அறிகுறிகள் வரும். பூனை தெளிவாக இருக்கும் நிலையில், பாத்திரம் கழுவும் திரவ சோப்பையும் வெதுவெதுப்பான நீரையும் கொண்டு மருந்து பட்ட இடத்தைக் கழுவி, துடைத்து, துண்டில் சுற்றி, மருந்துப் பெட்டியையும் கையோடு எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். நடுக்கம் தொடங்கிவிட்டால் கழுவுவதிலும் நேரம் போக்க வேண்டாம். இதற்கு முறிவு மருந்து கிடையாது. ஆனால் வலிப்பையும் நடுக்கத்தையும் கட்டுப்படுத்தி, நேரத்தோடு சிகிச்சை அளித்தால் பெரும்பாலான பூனைகள் பிழைத்துவிடுகின்றன. உண்மையைச் சொல்லத் தயங்கி, என்ன போட்டோம் என்பதை மறைப்பவர்களும் உண்டு. அந்த ஒரு தகவல்தான் மருத்துவருக்கு முதலில் வேண்டும்.

கேள்வி (நாகர்கோவில்): மருந்துக்குப் பதிலாக வேப்பெண்ணெய், கற்பூரம், பூண்டு போன்றவற்றைப் பயன்படுத்தலாம் என்கிறார்களே?

உடலில் பூசும் எதையும் பூனை நக்கி விழுங்கிவிடும் என்பதை வைத்துத்தான் இவற்றை மதிப்பிட வேண்டும். கற்பூரமும் பாச்சை உருண்டையும் பூனைக்கு நஞ்சு. பூண்டும் வெங்காயமும் சிவப்பணுக்களைச் சிதைத்து இரத்தசோகையை உண்டாக்கும். மண்ணெண்ணெய் தோலைப் புண்ணாக்குவதோடு நுரையீரலையும் பாதிக்கும். வேப்பெண்ணெயையும், டீ ட்ரீ ஆயில் போன்ற மணமுள்ள எண்ணெய்களையும் தவிர்த்துவிடுங்கள். செலவும் ஆபத்தும் இல்லாத ஒரே வீட்டு வைத்தியம் சீப்புதான். அதைத் தினமும் செய்யுங்கள்.

கேள்வி (ஈரோடு): சொட்டுமருந்தை எங்கே, எப்படி விட வேண்டும்?

ஃபிப்ரோனில், செலமெக்டின், இமிடாகுளோபிரிட் ஆகியவை பூனைக்கென்று தயாரிக்கப்படும் மருந்துகளில் இருப்பவை. பெட்டியில் பூனைப் படம் இருப்பதோடு நிற்காமல், எடையையும் வயதையும் சரிபாருங்கள். மண்டையோட்டின் அடியில், பூனையின் நாக்கு எட்டாத பிடரியில், முடியை இரு பக்கமும் விலக்கித் தோல் வெள்ளையாகத் தெரிந்ததும் குழாயின் நுனியைத் தோலில் வைத்து முழுவதையும் பிழிந்துவிடுங்கள். முடியின் மேல் விட்டால் பாதி வீணாகும். போடுவதற்கு இரண்டு நாள் முன்னும் பின்னும் குளிப்பாட்ட வேண்டாம். இரண்டு பூனைகள் இருந்தால் மருந்து காயும்வரை ஒன்றையொன்று நக்காதபடி பிரித்து வையுங்கள். வீட்டில் முயல் இருந்தால் ஃபிப்ரோனில் அதன்மேல் படவே கூடாது.

கேள்வி (கோவை): தாயில்லாத குட்டி ஒன்றை எடுத்துவந்திருக்கிறோம், வயது ஒரு மாதம் இருக்கும். உடல் முழுவதும் தெள்ளு. சோர்ந்து கிடக்கிறது.

முதலில் உதட்டை உயர்த்தி ஈறைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக இல்லாமல் வெளுத்திருந்தால், தெள்ளுகள் இரத்தத்தைக் குடித்தே குட்டியை உயிராபத்தான சோகையில் தள்ளியிருக்கின்றன என்று பொருள். காலைவரை காத்திராமல் இப்போதே மருத்துவரிடம் எடுத்துச் செல்லுங்கள், தேவைப்பட்டால் இரத்தம் ஏற்ற வேண்டியிருக்கும். ஈறு நன்றாக இருந்தால் சீப்பால் வாரி எடுங்கள். பெரும்பாலான சொட்டுமருந்துகள் 6 அல்லது 8 வாரம் நிரம்பிய பிறகே பாதுகாப்பானவை. அதற்கு முன் எதைப் போடலாம் என்பதை மருத்துவர் மட்டுமே முடிவு செய்ய வேண்டும். இந்த வயதில் உடல் சட்டென்று குளிர்ந்துவிடும், எனவே நனைக்க வேண்டியிருந்தால் வெதுவெதுப்பான நீரில் விரைவாக முடித்து உடனே துவட்டிச் சூடாக வைத்திருங்கள்.

கேள்வி (விழுப்புரம்): பூனையின் வாலடியில் அரிசிமணி போல ஏதோ ஒட்டியிருக்கிறது, சில நேரம் நெளிகிறது. இதுவும் தெள்ளா?

அது நாடாப்புழுவின் துண்டு. ஆனால் காரணம் தெள்ளுதான். இந்தப் புழுவின் முட்டையைத் தெள்ளுப்புழு தின்கிறது. வளர்ந்த தெள்ளைப் பூனை நக்கி விழுங்கும்போது நாடாப்புழு குடலுக்குள் போய்ச் சேர்கிறது. பிராசிகுவாண்டெல் மருந்து புழுவை நீக்கிவிடும். தெள்ளை ஒழிக்காவிட்டால் சில வாரங்களில் மீண்டும் வரும்.

கேள்வி (புதுச்சேரி): எங்கள் கணுக்காலிலும் கடித்துத் தடிப்பு வந்திருக்கிறது. வீட்டில் குழந்தை இருப்பதால் பூனையைக் கொண்டுபோய் விட்டுவிடச் சொல்கிறார்கள் மாமியார்.

விட்டுவிட வேண்டிய தேவை இல்லை, விடுவதால் பயனும் இல்லை. பூனை போய்விட்டால், கூட்டிலிருந்து வெளிவரும் தெள்ளுகளுக்கு உங்களைத் தவிர வேறு யாரும் இருக்க மாட்டார்கள். இந்தத் தெள்ளு மனிதரின் உடலில் தங்கி வாழ்வதில்லை, கடித்துவிட்டுப் போய்விடும். தெள்ளின் எச்சத்திலுள்ள பார்டோனெல்லா என்னும் நுண்ணுயிர் பூனையின் நகத்தில் ஒட்டி, கீறல் வழியாக மனிதருக்குக் காய்ச்சலையும் நெறிகட்டுதலையும் உண்டாக்கலாம். எனவே கீறல் பட்டால் சோப்பு போட்டுக் கழுவுங்கள், காய்ச்சல் வந்தால் மருத்துவரிடம் பூனை வளர்ப்பதைச் சொல்லுங்கள். மருந்து போட்ட பூனை வீட்டில் நடமாடுவதே தெள்ளைக் குறைக்கும். அதன்மேல் தாவும் ஒவ்வொரு தெள்ளும் முட்டையிடும் முன்பே சாகிறது. இதை உங்கள் மாமியாரிடம் எடுத்துச் சொல்லுங்கள்.

கேள்வி (தஞ்சாவூர்): மருந்து போட்டு மூன்று வாரம் ஆகிறது. இன்னும் ஒன்றிரண்டு தெள்ளு கண்ணில் படுகிறது. மருந்து போலியா, மாற்ற வேண்டுமா?

மாற்ற வேண்டாம். நீங்கள் காண்பவை, மருந்து போடுவதற்கு முன்பே கூட்டுக்குள் போனவை. இப்போதுதான் ஒவ்வொன்றாக வெளிவருகின்றன. முதல் இரண்டு மூன்று வாரங்களில் எண்ணிக்கை சற்றே கூடுவதுபோலத் தோன்றுவதும் இயல்பு. அவசரப்பட்டு ஒன்றின் மேல் இன்னொரு மருந்தைப் போடுவது பூனைக்குத்தான் ஆபத்து. வாரம் இருமுறை அந்த ஈரத்துணிச் சோதனையைச் செய்து, கறுப்புத் துகள் குறைகிறதா என்று குறித்துவையுங்கள். இரண்டாம் மாதத்தின் முடிவிலும் குறையாவிட்டால், மருந்து போடாத பிராணி எது, துவைக்காமல் விட்ட விரிப்பு எது, பால்கனிக்கு வந்துபோகும் தெருப்பூனை எது என்று முதலில் தேடுங்கள். அவையும் இல்லையென்றால் சீப்பையும் குறிப்பையும் எடுத்துக்கொண்டு மருத்துவரைப் பாருங்கள்.