பட்டம் முடித்து ஒன்றிரண்டு வருடம் வெளிநாடு: நீலகிரி வாசகர்களின் கேள்விகள்

கல்லூரி முடிவுகள் வந்துவிட்டால் போதும், எனக்கு வரும் கேள்விகளில் பாதி ஒரே விஷயத்தைத்தான் கேட்கின்றன. ஒன்றிரண்டு வருடம் வெளிநாட்டில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பலாமா? தாராளமாகப் போகலாம். எந்த விசாவில் கூப்பிடுகிறார்கள் என்பதை முதலில் பாருங்கள், சம்பளத்தை அப்புறம் பார்க்கலாம். கீழே உள்ள பதில்கள் பலவற்றிலும் இதைத்தான் திரும்பச் சொல்லியிருக்கிறேன்.

பி.காம் முடித்திருக்கிறேன். துபாய் ஹோட்டலில் ஒரு வருட ரிசப்ஷன் வேலை. "விசிட் விசாவில் வந்துவிடு, வந்ததும் மாற்றிக்கொள்ளலாம்" என்கிறார் ஏஜென்ட். 80,000 ரூபாய் கேட்கிறார். கட்டலாமா?
– கோத்தகிரி வாசகி

கட்டாதீர்கள் அம்மா. நானும் பட்டம் வாங்கிய வருடம் இதே பேச்சை நம்பி விசிட் விசாவில் வளைகுடா போனவன். இறங்கிய வாரமே பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டார்கள். இரண்டு மாதம் கழித்துச் சம்பளம் கேட்டபோது, "நீ இங்கே வேலை செய்வதாகப் பதிவே இல்லையே" என்றார்கள். புகார் கொடுக்கப் போனால் முதலில் மாட்டுவது நான்தான் என்பது அப்போதுதான் புரிந்தது. அந்த இரண்டு மாதச் சம்பளம் இன்றுவரை வரவில்லை.

அமீரகத்தில் விசிட் விசாவில் வேலை செய்வது சட்ட விரோதம். வேலை அனுமதியை ஹோட்டல்தான் வாங்கித் தர வேண்டும். ஆள் எடுக்கும் செலவைத் தொழிலாளியிடம் வசூலிக்கக் கூடாது, பாஸ்போர்ட்டைப் பிடித்து வைக்கக் கூடாது என்று அங்குள்ள 2021ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் சொல்கிறது. நம் ஊர்ப் பக்கம், உரிமம் பெற்ற ஏஜென்ட் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும் மட்டுமே வாங்கலாம். அவர் 80,000 கேட்டதே போதும், விலகிவிடுங்கள். வேறு யாராவது கூப்பிட்டால், மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் அவருடைய உரிம எண்ணைப் போட்டுப் பாருங்கள். தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் 1978 முதல் இயங்குகிறது. அங்கே என்ன வேலைகள் வந்திருக்கின்றன என்று பார்த்துவிட்டு வெளி ஆட்களிடம் போகலாம்.

இன்னொன்று. பத்தாம் வகுப்பு தேறாதவர் வளைகுடாவுக்கு வேலைக்குப் போகும்போது நம் அரசிடம் குடியேற்ற அனுமதி வாங்க வேண்டும். அப்போது ஓர் அதிகாரி அவருடைய ஒப்பந்தத்தைப் பார்ப்பார். பட்டதாரிக்கு அந்த அனுமதி தேவையில்லை. அலைச்சல் மிச்சம்தான், ஆனால் உங்கள் ஒப்பந்தத்தை வேறு யாரும் படிக்கப் போவதில்லை. நீங்கள்தான் வரி வரியாகப் படிக்க வேண்டும். அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, படிகள் எவ்வளவு என்று தனித்தனியாக இருக்கிறதா பாருங்கள். அங்கே ஒரு வருடம் முழுதாக முடித்தால் 21 நாள் அடிப்படைச் சம்பளம் பணிக்கொடையாக வரும். பதினோராவது மாதம் கிளம்பினால் அது கிடையாது. ஒரு வருடத்துக்கென்றே போகிறவர்கள் திரும்பும் தேதியை இதை வைத்துத்தான் குறிக்க வேண்டும்.

தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி வேலை, மாதம் 90,000 ரூபாய், ஆறு மாதம். டெலிகிராமில் பத்து நிமிடம் பேசி எடுத்துவிட்டார்கள். டிக்கெட்டும் அவர்களே போடுகிறார்கள்.
– ஊட்டி வாசகர், பி.எஸ்சி கணினி அறிவியல்

தம்பி, தயவுசெய்து போகாதீர்கள். பாங்காக்கில் இறக்கி, காரில் மே சோட் என்ற எல்லை ஊருக்குக் கொண்டுபோய், ஆற்றைக் கடக்க வைத்து மியான்மரின் மியாவாடிப் பக்கம் அடைத்துவிடுவார்கள். அங்கே செய்யச் சொல்வது இணைய மோசடி. மறுத்தால் அடி. 2025 மார்ச்சில் அப்படிச் சிக்கியிருந்த 500க்கும் மேற்பட்ட இந்தியர்களை நம் விமானப்படை விமானங்கள்தான் திரும்பக் கொண்டுவந்தன. உங்களைப் போலக் கம்ப்யூட்டர் தெரிந்த, ஆங்கிலம் தெரிந்த பிள்ளைகளைத்தான் அவர்கள் தேடுகிறார்கள். சுற்றுலாப் பயணியாக வா என்று சொல்லும் எந்த வேலையும் வேலை இல்லை. டிக்கெட் வந்திருந்தாலும் பரவாயில்லை, விட்டுவிடுங்கள்.

இங்கிலாந்தில் இரண்டு வருடம் வேலை செய்ய லாட்டரி முறையில் விசா தருகிறார்களாமே? பெயர் பதிந்து தர 15,000 கேட்கிறார்கள்.
– குன்னூர் வாசகி, எம்.ஏ ஆங்கிலம்

உண்மையான விசாதான். இந்திய இளம் தொழில்முறையாளர் திட்டம் என்று பெயர், வருடத்துக்கு 3,000 இடம். வயது 18 முதல் 30 வரை இருக்க வேண்டும், பட்டம் வேண்டும். முன்கூட்டியே வேலை கிடைத்திருக்க வேண்டிய அவசியம் இல்லை என்பதுதான் இதில் பெரிய வசதி. குலுக்கலில் பெயர் பதிவது இலவசம். பிரிட்டன் அரசின் தளத்தில் பெயர், பிறந்த தேதி, பாஸ்போர்ட் விவரம், பாஸ்போர்ட்டின் படம் கொடுத்தால் போதும், நீங்களே செய்துவிடலாம். 15,000 கொடுத்தாலும் குலுக்கலில் உங்கள் பெயரைத் தூக்கிவிட யாராலும் முடியாது.

பெயர் வந்த பிறகுதான் உண்மையான செலவு. உங்கள் கணக்கில் 2,530 பவுண்டு 28 நாள் தொடர்ந்து இருந்ததாகக் காட்ட வேண்டும். விசாக் கட்டணம் தனி. மருத்துவக் கட்டணம் வருடத்துக்கு 776 பவுண்டு, இரண்டு வருடத்துக்கும் சேர்த்து முன்னாலேயே கட்ட வேண்டும். விசாவை நீட்டிக்க முடியாது, குடும்பத்தைச் சேர்த்துக்கொள்ளவும் முடியாது. அடுத்த குலுக்கலுக்குள் பாஸ்போர்ட்டைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பதிவு இரண்டொரு நாள்தான் திறந்திருக்கும்.

என் தாத்தா இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியவர். பாஸ்போர்ட்டில் சிக்கல் வருமா?
– கூடலூர் வாசகர், வயது 22

தேயிலைத் தோட்டக் குடும்பங்களிலிருந்து இந்தக் கேள்வி அடிக்கடி வருகிறது. கேட்பவரின் குரலில் இருக்கும் பயம் எனக்கு வருத்தமாகவே இருக்கும். இலங்கைத் தோட்டத் தமிழர்களில் ஒரு பகுதியினரை இந்தியா ஏற்றுக்கொண்ட 1964 சாஸ்திரி-சிறிமாவோ ஒப்பந்தத்தில் வந்தவர்கள் இந்தியக் குடிமக்களாகத்தான் வந்தார்கள். உங்கள் அப்பா 1987 ஜூலை 1க்கு முன் இங்கே பிறந்தவர் என்றால் பிறப்பாலேயே இந்தியக் குடிமகன். அதற்குப் பின் 2004 டிசம்பர் 3க்கு முன் இங்கே பிறந்த உங்களுக்கு, பெற்றோரில் ஒருவர் குடிமகனாக இருந்தாலே போதும். அப்பாவின் பிறப்புச் சான்று, தாத்தா வந்தபோது கொண்டுவந்த பழைய பாஸ்போர்ட், குடும்ப அட்டை எல்லாவற்றையும் தேடி எடுத்து வையுங்கள். போலீஸ் விசாரணையில் கேட்டால் காட்டலாம். நீலகிரிக்கு மண்டல பாஸ்போர்ட் அலுவலகம் கோவைதான்.

ஹோட்டல் மேனேஜ்மென்ட் முடித்த மகளுக்குக் கப்பலில் எட்டு மாத வேலை. பணம் கட்டச் சொல்கிறார்கள்.
– வெலிங்டன் வாசகர்

கப்பல் வேலைக்கு ஆள் எடுக்கும் நிறுவனத்துக்குக் கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தின் உரிமம் இருக்க வேண்டும். அப்படி உரிமம் உள்ளவர் வேலை வாங்கித் தரப் பணம் வாங்கவே கூடாது. பாதுகாப்புப் பயிற்சி, மருத்துவப் பரிசோதனை போன்ற செலவு வரலாம், அதற்கு ரசீது கேளுங்கள். வேலைக்கென்று கேட்டால் கொடுக்காதீர்கள்.

ஒன்றரை ஏக்கர் தேயிலைத் தோட்டத்தை அடமானம் வைத்து மகனை ஒரு வருட வேலைக்கு அனுப்பலாம் என்கிறார் என் கணவர். மூன்று லட்சம் வேண்டுமாம். எனக்கு மனம் ஒப்பவில்லை.
– ஊட்டி அருகே ஒரு ஹட்டியிலிருந்து (படகர் சிற்றூர்)

உங்கள் மனம் சொல்வது சரி அம்மா. கணக்கைப் பாருங்கள். மூன்று லட்சத்துக்கு இரண்டு வட்டி என்றால் மாதம் 6,000. வேலை ஒரு வருடம்தான், அதற்குள் அசலும் அடைய மாதம் 25,000 வேண்டும். ஆக மாதாமாதம் 31,000 ரூபாய் கடனுக்கே போகும். மகனின் சம்பளம் 45,000 என்றால், அங்கே சாப்பாட்டுச் செலவு போக அவன் கையில் என்ன நிற்கும்? பச்சைத் தேயிலை விலை எந்த மாதம் இறங்கும் என்று சொல்ல முடியாது. அந்தத் தோட்டத்தை இதில் கொண்டுபோய் வைக்க வேண்டாம்.

முறையான வேலைக்கு நம் கையிலிருந்து போவது பாஸ்போர்ட்டுக்கு 1,500, காவல்துறைச் சான்றுக்கு 500, சான்றிதழ் சரிபார்ப்பு, கோவைக்கு இரண்டு மூன்று தடவை போய்வரும் செலவு, ஏஜென்ட் வழி என்றால் மேலே சொன்ன கட்டணம், அவ்வளவுதான். இந்த மூன்று லட்சம் எதற்கு என்று எழுத்தில் தரச் சொல்லி மகனைக் கேட்கச் சொல்லுங்கள். ஆஃபர் லெட்டரின் நகலையும் எனக்கு அனுப்பிவையுங்கள், படித்துவிட்டுப் பதில் எழுதுகிறேன். அதுவரை எதிலும் கையெழுத்துப் போட வேண்டாம்.