பூத்த தேதி, மங்கிய வானம், உருகும் பனிக்கட்டி: கேள்வி பதில்

சரி, ஆரம்பிக்கலாம். பழைய நாட்குறிப்பு, கப்பல் பதிவேடு, கோயில் கணக்கு, ஓவியம் இவற்றிலிருந்து அந்தக் காலத்து வானிலையைத் தோண்டி எடுப்பது என் வேலை. சுற்றுச்சூழல் பிரச்சினைகளை வரலாறு, இலக்கியம், கலை, தத்துவம் வழியாகவும் பார்க்கும் துறைகளுக்குச் சூழல்சார் மானுடப்புலம் என்று பொதுவாகச் சொல்கிறார்கள், அதில் நான் இருப்பது ஒரு மூலை. என் மூலைக்குள் வரும் கேள்விக்கு நீளமாகப் பதில் வரும். மற்றவை ஒரு வரியில் முடிந்தால் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

நிலாமுற்றம்: மேடம், விஞ்ஞானி அளக்கிறார், கலைஞர் அதை நாலு பேருக்குப் புரிகிற மாதிரி அழகாகச் சொல்கிறார். கலையும் அறிவியலும் சேர்வது என்றால் இவ்வளவுதானே?

பதில்: இவ்வளவுதான் என்றால் நான் வேறு வேலைக்குப் போயிருப்பேன். விஞ்ஞானி முடித்துவைத்த வேலைக்குக் கலைஞர் வர்ணம் பூசுவது என்பது இந்தத் துறையில் ஆகச் சோம்பேறித்தனமான பகுதி. எனக்குப் பிடித்தது, மானுடப்புலம் இல்லாமல் அறிவியலே நடக்காத இடங்கள்.

உலகம் முழுவதற்குமான வெப்பமானிக் கணக்கு 1850 வாக்கில்தான் தொடங்குகிறது. அதற்கு முன்னால்? மர வளையம், பனிப்படிவம் மாதிரி இயற்கை விட்டுவைத்த தடயங்கள் உண்டு, அவற்றோடு மனிதர்கள் எழுதிவைத்ததும் உண்டு. ஜப்பானில் கியோட்டோ நகரத்துச் செர்ரி மரங்கள் முழுசாகப் பூத்த தேதிகளை யசுயுகி அவோனோ என்ற ஆய்வாளர் அரசவைக்காரர்களும் துறவிகளும் எழுதிய நாட்குறிப்புகளிலிருந்து பொறுக்கிச் சேர்த்தார். முதல் பதிவு 812ஆம் ஆண்டினுடையது. எழுதியவர்கள் யாரும் காலநிலைக்காக எழுதவில்லை, பூப் பார்க்கப் போனோம், விருந்து நடந்தது, கவிதை வாசித்தோம் என்று எழுதியிருக்கிறார்கள். வசந்தத் தொடக்கம் வெதுவெதுப்பாக இருந்தால் மரம் முந்திப் பூக்கும் என்பதால் அந்த விருந்துத் தேதி இன்றைக்கு ஒரு வெப்பநிலைக் குறிப்பாகிவிட்டது. 2021இல் மார்ச் 26 அன்றே முழுப் பூப்பு வந்துவிட்டது, அதுவரையான 1,200 ஆண்டுப் பதிவில் அவ்வளவு சீக்கிரம் பூத்ததே இல்லை.

இதில் கஷ்டமான வேலை எது தெரியுமா? பழைய எழுத்தை வாசிக்க வேண்டும். குறிப்பிட்ட மரம் மலைச்செர்ரியா வேறு வகையா என்று தெரிய வேண்டும், ஏனென்றால் வகைக்கு வகை பூக்கும் நாள் மாறும். விருந்து அன்றைக்கு நடந்தது பூ விரிந்ததாலா, இல்லை முக்கியமான ஒருவருக்கு அன்றுதான் நேரம் கிடைத்ததாலா என்று யோசிக்க வேண்டும். இதையெல்லாம் வெப்பமானி செய்யாது, இலக்கியமும் வரலாறும் படித்தவர்தான் செய்வார்.

ஒரு எச்சரிக்கை, இன்று பலமுறை சொல்வேன்: பழைய தேதியை அப்படியே எடுத்து வரைபடத்தில் போடாதீர்கள். எந்த நாட்காட்டி என்று முதலில் பாருங்கள். ஜப்பானியப் பழைய நாட்காட்டி சந்திரனையும் சேர்த்துக் கணக்கிட்டது, மாற்றாமல் போட்டால் பூ ஒரு மாதம் முன்னும் பின்னும் தாவும்.

வடதிசை: பூவைத் தவிர இப்படி நீளமான பதிவு வேறு ஏதாவது உண்டா?

பதில்: உண்டு. அதே ஜப்பானில் சுவா ஏரி. குளிரில் ஏரி உறைந்து, பனி விரிந்து சுருங்கி, நடுவில் வரப்பு மாதிரி மேலெழும். ஆண் தெய்வம் எதிர்க்கரையில் இருக்கும் தன் தேவியைப் பார்க்க நடந்துபோன தடம் அது என்பது நம்பிக்கை. ஆகவே கோயில் பூசாரிகள் 1443 முதல் அதைக் குறித்து வருகிறார்கள். இப்போது ஏரி உறையாத ஆண்டுகள் அடிக்கடி வருகின்றன. நம்பிக்கைக்காக எழுதியது அறிவியலுக்கு உதவும் என்று அந்தப் பூசாரிகள் நினைத்திருக்க வாய்ப்பே இல்லை.

இன்னொன்று பின்லாந்து, சுவீடன் எல்லையில் ஓடும் டோர்னே ஆறு. வசந்தத்தில் ஆற்றுப்பனி உடையும் நாளை ஒரு வணிகர் 1693இல் குறிக்கத் தொடங்கினார், பிறகு மற்றவர்கள் தொடர்ந்தார்கள். இங்கேதான் மறுபடி நாட்காட்டி. சுவீடன் 1700இல் ஜூலியன் நாட்காட்டியிலிருந்து மெதுவாக நகரலாம் என்று ஒரு நாளை விட்டது, அப்புறம் திட்டத்தைக் கைவிட்டது, விட்ட நாளைத் திருப்பிப் பிடிக்க 1712இல் பிப்ரவரிக்கு 30 நாள் கொடுத்தது. ஆமாம், பிப்ரவரி 30. கடைசியில் 1753இல் பதினொரு நாளை ஒரேயடியாகத் தாண்டி மற்ற நாடுகளோடு சேர்ந்தது. இது தெரியாமல் அந்தப் பதிவைத் தொட்டால் பனி பத்துப் பதினொரு நாள் முன்னதாக உடைவது போலத் தெரியும், நீங்களும் பழங்காலத்தில் ஒரு வெப்ப அலையைக் கண்டுபிடித்துவிட்டதாகச் சந்தோஷப்படுவீர்கள்.

புதியவன்22: இந்தத் துறைக்கு எந்தப் பட்டம் படிக்க வேண்டும்?

பதில்: வரலாறோ இலக்கியமோ அறிவியலோ ஒன்றை ஒழுங்காகப் படியுங்கள், இன்னொன்றை மரியாதையோடு கற்றுக்கொள்ளுங்கள்.

கரும்புகை: டர்னரும் மோனேவும் வரைந்த மங்கலான வானம் உண்மையில் நிலக்கரிப் புகைதான் என்று நிரூபித்துவிட்டார்களாமே?

பதில்: 'நிரூபித்துவிட்டார்கள்' என்பதைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். நீங்கள் சொல்வது அன்னா லீ ஆல்பிரைட், பீட்டர் ஹைபர்ஸ் இருவரும் 2023இல் வெளியிட்ட ஆய்வு. காற்றில் நுண்துகள் கூடினால் ஒளி சிதறும், தூரத்துப் பொருளின் விளிம்பு மழுங்கும், நிறம் வெளுக்கும். இங்கிலாந்துக்காரரான டர்னர், அவருக்குப் பிந்தி வந்த பிரெஞ்சுக்காரரான மோனே, இந்த இரண்டு ஓவியர்களின் சுமார் 100 படங்களில் இந்த மழுங்கலையும் வெளுப்பையும் அளந்து, அதே ஆண்டுகளில் லண்டனிலும் பாரிசிலும் நிலக்கரி எரிந்து வெளியான கந்தக டை ஆக்சைடு மதிப்பீட்டோடு ஒப்பிட்டார்கள். புகை கூடக் கூடப் படங்களும் மங்கின. லண்டனில் புகை முந்தி வந்தது, பாரிசில் பிந்தி வந்தது, படங்களும் அந்த வரிசையை ஒட்டியே போகின்றன என்பதுதான் என்னைக் கவர்ந்தது. மொத்தப் போக்கை நான் ஏற்கிறேன். ஒரே ஒரு படத்தைக் காட்டி 'அன்றைக்கு இவ்வளவு புகை' என்று யாராவது சொன்னால் ஏற்க மாட்டேன்.

விழித்திரை: கண் மருத்துவம் பார்ப்பவன் நான். மோனேவுக்குக் கண்புரை இருந்ததே, அதைச் சொல்லவே இல்லையே?

பதில்: இருந்தது. கண்டுபிடித்தது 1912இல், அறுவை சிகிச்சை 1923இல். அவர் லண்டனில் வரைந்தது 1899 முதல் 1901 வரை. மேலும் கண்புரை பக்கத்துப் படகை விட்டுவிட்டுத் தூரத்துக் கோபுரத்தை மட்டும் மங்கலாக்காது.

விழித்திரை: கிட்டப்பார்வை அதைத்தானே செய்யும்?

பதில்: செய்யும், நல்ல கேள்வி. ஆனால் அதே ஆய்வில் விஸ்லர், பிஸாரோ போன்ற வேறு சிலரின் படங்களையும் சேர்த்துப் பார்த்தார்கள், போக்கு பெரிதாக மாறவில்லை. எல்லாருக்கும் ஒரே நேரத்தில் கிட்டப்பார்வை வந்து, அது கந்தகத்தோடு சேர்ந்து கூடியது என்று சொன்னால் அதை நிறுவ வேண்டியது நீங்கள்.

தூரிகை: ஓவியம் சொல்லிக்கொடுப்பவன் என்ற முறையில் எரிச்சலாக இருக்கிறது. மோனே என்ன காற்று அளக்கும் பெட்டியா? மூட்டம் பிடிக்கும் என்பதால் மூட்டம் வரும் பருவம் பார்த்து லண்டன் போனவர் அவர். பாதிப் படங்களை ஊர் திரும்பிய பிறகு தன் பட்டறையில் உட்கார்ந்து முடித்தார். அதைப் போய்க் கணினியில் அளந்தால் அவர் ரசனைதான் கிடைக்கும், காற்று கிடைக்காது.

பதில்: இன்று வந்ததிலேயே கனமான கேள்வி இது. நீங்கள் சொல்லும் இரண்டும் உண்மை. அவர் மூட்டத்தைத் தேர்ந்தெடுத்தார், ஆகவே லண்டனின் சராசரி நாள் அவர் படத்தில் இல்லை. பட்டறையில் தீட்டி 1904இல்தான் காட்சிக்கு வைத்தார், ஆகவே நிறத்தில் ஞாபகமும் விருப்பமும் கலந்திருக்கும்.

ஆனால் எல்லாமே கலந்துவிட்டது என்றும் சொல்ல முடியாது. 2006இல் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தின் பேக்கர், தார்ன்ஸ் இருவரும் அவருடைய நாடாளுமன்றக் கட்டடப் படங்களில் சூரியன் கோபுரங்களுக்கு எந்தப் பக்கம், எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று அளந்தார்கள். அவர் உட்கார்ந்து வரைந்த இடத்திலிருந்து அந்தப் பருவத்தில் சூரியன் எங்கே தெரிந்திருக்குமோ அதோடு அது பொருந்தியது. ஊர் திரும்பி வண்ணத்தைத் திருத்தியவர் சூரியனை நகர்த்தவில்லை. அதனால் ஒரே படத்தில் சில விஷயங்களுக்கு அவர் நம்பகமான சாட்சி, சிலவற்றுக்கு இல்லை. நாட்குறிப்பிலும் இதே கதைதான், மழை பெய்த நாளைச் சரியாக எழுதுபவர் மழையின் அளவை மிகைப்படுத்துவார்.

இன்னொன்று. 1900 மார்ச்சில் மனைவிக்கு எழுதிய கடிதம் ஒன்று இருக்கிறது. காலையில் எழுந்து பார்த்தால் மூட்டமே காணோம், எல்லாப் படமும் வீணாகப் போயிற்று என்று பயந்துவிட்டார். கொஞ்சம் கொஞ்சமாக அடுப்புகள் எரியத் தொடங்கியதும் புகையும் மூட்டமும் திரும்பி வந்தன. அன்று ஞாயிற்றுக்கிழமை. தனக்குப் பிடித்த அழகு எங்கிருந்து வருகிறது என்று அவருக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது. ஆய்வாளர்களும் இந்தக் கடிதத்தை எடுத்துக்காட்டியிருக்கிறார்கள்.

தூரிகை: அப்படியானால் நிலக்கரிக் கணக்கே போதுமே, ஓவியம் எதற்கு?

பதில்: எத்தனை டன் எரிந்தது என்பதை நிலக்கரிக் கணக்கு சொல்லும். அந்தப் புகையைப் பார்த்து ஒரு நகரம் எத்தனை நாள் மயங்கிக் கிடந்தது என்பதைச் சொல்லாது. இதே லண்டனில் 1952 டிசம்பரில் ஐந்து நாள் புகைமூட்டத்தில் அன்றைய கணக்கின்படியே சுமார் 4,000 பேர் இறந்தார்கள், தூய காற்றுச் சட்டம் வந்தது 1956இல். புகை கெடுதல் என்று பல தலைமுறையாகத் தெரிந்தும் ஏன் அவ்வளவு தாமதம்? வீட்டு அடுப்பை யார் கேள்வி கேட்பது என்ற தயக்கம், தொழிலின் அடையாளம் புகை என்ற பெருமை, கூடவே இந்த அழகு. இதையெல்லாம் வேதியியலில் தேடினால் கிடைக்காது.

விழித்திரை: முங்க் வரைந்த 'அலறல்' படத்தின் சிவப்பு வானமும் கிரகடோவா எரிமலைச் சாம்பலால்தானா?

பதில்: ஒரு தரப்பு அப்படிச் சொல்கிறது. இந்தோனேசியாவில் அந்த எரிமலை வெடித்தது 1883, நார்வே ஓவியரான முங்க் படம் வரைந்தது 1893. இன்னொரு தரப்பு, குளிர்ப் பிரதேசத்தில் அபூர்வமாகத் தெரியும் முத்துச்சிப்பி நிற மேகம் என்கிறது. மனசுக்குள் இருந்த வானம் என்பது மூன்றாவது தரப்பு. ஒற்றைப் படத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன் என்று மேலேயே சொல்லிவிட்டேன்.

கனிமொழிச்சாரல்: எந்தக் கல்லூரியில் சேரலாம்? வேலை கிடைக்குமா?

பதில்: மேலே புதியவன்22க்குச் சொன்ன பதில்.

உப்புக்காற்று: கிரீன்லாந்துப் பனிக்கட்டியைக் கப்பலில் கொண்டுவந்து நகரத்து நடுவில் உருக வைத்தார்களே, அதுவே மாசு இல்லையா?

பதில்: ஓலாஃபூர் எலியாசன் என்ற கலைஞரும் மினிக் ரோசிங் என்ற புவியியலாளரும் செய்தது. 2014 கோபன்ஹேகன், 2015 பாரிஸ், 2018 லண்டன். பாரிசில் காலநிலை மாநாட்டின்போது 12 பெரிய கட்டிகளைக் கடிகார முகப்பு மாதிரி வட்டமாக வைத்தார்கள். எடுத்தது ஏற்கெனவே உடைந்து கடலில் மிதந்துகொண்டிருந்த பனியை. போக்குவரத்து உமிழ்வு இருக்கத்தான் செய்தது, அந்தக் கணக்கையும் வெளியிட்டார்கள்.

எனக்கு அதில் பிடித்தது காது வைத்துக் கேட்கும் இடம். பனி உருகும்போது படபடவென்று மெலிதாகப் பொரியும், ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்னால் அழுத்தத்தில் சிறைப்பட்ட காற்றுக்குமிழ்கள் வெடிக்கும் சத்தம் அது. அந்த மாதிரிக் குமிழ்களை வைத்துத்தான் பழைய வளிமண்டலத்தில் கார்பன் டை ஆக்சைடு எவ்வளவு என்று ஆய்வுக்கூடத்தில் அளக்கிறார்கள். ஆய்வுக்கூடத்துச் சான்றையே தெருவில் தொட்டுப் பார்க்க வைத்தார்கள், ஆகவே இதை நான் அலங்காரத்தில் சேர்க்க மாட்டேன்.

மறுபக்கம்: கலையைப் பார்த்து உலகத்தில் எதாவது மாறியதுண்டா, உண்மையைச் சொல்லுங்கள்.

பதில்: கூனல் திமிங்கிலத்தின் பாட்டு. அமெரிக்கக் கடற்படைக்கு வேலை செய்த ஒரு பொறியாளர் பெர்முடா அருகே கடலுக்கடியில் ஒலிவாங்கி வைத்துக் கேட்டது. ரோஜர் பெய்ன் போன்ற உயிரியலாளர்கள் அதில் திரும்பத் திரும்ப வரும் அமைப்பு இருப்பதைக் கண்டார்கள், 1970இல் இசைத்தட்டாகவே வெளியிட்டார்கள், நன்றாக விற்றது. வணிக வேட்டையை நிறுத்த 1982இல் முடிவானது, 1986இல் நடைமுறைக்கு வந்தது. பாட்டுதான் நிறுத்தியது என்று சொன்னால் பொய். திமிங்கிலமே குறைந்து வேட்டையில் லாபம் போயிருந்தது, எண்ணெய்க்கு மாற்று வந்திருந்தது. ஆனால் மக்கள் அதை 'எண்ணெய்ப் பீப்பாய்' என்று நினைப்பது போய்ப் 'பாடும் உயிர்' என்று நினைக்கத் தொடங்கியதில் அந்தத் தட்டுக்குப் பங்கு உண்டு.

ஒளிக்கீற்று: காலநிலை பற்றிச் செயற்கை நுண்ணறிவில் படம் போட்டால் அதுவும் இதில் சேருமா?

பதில்: பனிக்கரடி ஒற்றைப் பனித்துண்டில் நிற்கும் படம் என்றால் வேண்டாம், போதும்.

மண்வாசம்: மனிதயுகத்தை நிராகரித்துவிட்டார்களே, அப்படியானால் எல்லாம் முடிந்ததா?

பதில்: மனிதன் பூமியையே மாற்றிவரும் இந்தக் காலத்துக்கு 2000இல் பால் குரூட்சன், யூஜின் ஸ்டோர்மர் என்ற இரு விஞ்ஞானிகள் முன்வைத்த பெயர் அது. 2024 மார்ச்சில் நிலவியலாளர்களின் குழு வாக்கெடுத்து, அதைத் தனி நிலவியல் காலப்பகுதியாக ஏற்க மறுத்தது. மனிதன் பூமியை மாற்றவில்லை என்று யாரும் சொல்லவில்லை. எந்த வருடத்திலிருந்து என்று பாறையில் ஒரு கோடு போடத்தான் மறுத்தார்கள். மானுடப்புலத்துக்காரர்கள் பலர் அந்தப் பெயரை முன்பே குறை சொன்னார்கள்: 'மனிதன்' என்று மொத்தமாகச் சொன்னால் நிலக்கரிச் சுரங்க முதலாளியும் அதில் இறங்கிய சிறுவனும் ஒரே கணக்கில் வந்துவிடுகிறார்கள். எனக்கும் அதே குறைதான்.

தோட்டக்காரி: மாடித் தோட்டத்தில் மாவுப்பூச்சி...

பதில்: தோட்டக்கலை தெரிந்தவரிடம் கேளுங்கள். நிஜமாகவே எனக்குத் தெரியாது.

பழுப்புத்தாள்: தாத்தா எழுதிய மழைக் குறிப்புகள் இரண்டு நோட்டு இருக்கின்றன. குப்பையா, பயன்படுமா?

பதில்: குப்பையில் போட்டால் நான் பேசமாட்டேன். 2020இல் பிரிட்டனில் பழைய மழைக் கணக்குத் தாள்களைப் படியெடுக்க 16,000க்கும் மேற்பட்ட சாதாரண மக்கள் வீட்டிலிருந்தே உதவினார்கள், லட்சக்கணக்கான எண்கள் கணினிக்குள் வந்தன. உங்கள் நோட்டும் அந்த வகைதான். அளவு அங்குலமா மில்லிமீட்டரா, மழைமானி எங்கே இருந்தது, காலையில் படித்தாரா மாலையிலா என்று வீட்டில் மூத்தவர்கள் யாருக்காவது நினைவிருந்தால் இப்போதே கேட்டுத் தனித்தாளில் எழுதிவையுங்கள். தேதி எந்த நாட்காட்டி என்பதையும் பாருங்கள், சொல்லாமல் விடமாட்டேன். அப்புறம் ஒவ்வொரு பக்கத்தையும் ஓரம் வெட்டாமல் படமெடுங்கள், 'மானி உடைந்தது', 'ஊரில் இல்லை' என்பதெல்லாம் அந்த ஓரத்தில்தான் கிறுக்கியிருப்பார்கள்.