நீரில் கண்டம் உள்ளவர்கள் முதலில் நீந்தட்டும்

கேள்வி: பெண்ணும் மாப்பிள்ளையும் ஜனவரியில் எங்களை அந்தமானுக்கு அழைத்துப் போகிறார்கள். அங்கே ஹேவ்லாக் தீவில் எல்லோரும் மாஸ்க்கும் மூச்சுக் குழாயும் மாட்டிக்கொண்டு கடலுக்குள் பார்க்கும் ஸ்நார்க்கெலிங் செய்தே தீர வேண்டுமாம். எனக்கு 52 வயது. நீச்சல் குளத்தில் சுவரோரமாகக் கொஞ்சம் நீந்துவேன். கால் தரையில் படவில்லை என்றால் பதறிப்போவேன். ஜாதகத்தில் எனக்கு நீரில் கண்டம் என்று அம்மா சொல்லிச் சொல்லியே வளர்த்தார். நான் இறங்கலாமா, இல்லை கரையில் உட்கார்ந்து எல்லோருடைய பைகளையும் பார்த்துக்கொள்ளட்டுமா?
– ஒரு வாசகி, பெரம்பூர்

பதில்: பைகளை மாப்பிள்ளை பார்த்துக்கொள்ளட்டும். நீங்கள் இறங்குங்கள்.

எப்படி இறங்குவது என்பதற்கு வருகிறேன். அதற்கு முன் அந்தக் கண்டத்தைப் பற்றிப் பேசாமல் என்னால் நகர முடியாது. இந்தப் பக்கத்துக்கு வரும் கடிதங்களில் அடிக்கடி தலைகாட்டும் சங்கதி இது. ஒருவர் ஜாதகத்தில் எழுதி வைத்துவிட்டுப் போய்விடுகிறார். அதற்காக ஒரு குழந்தை ஆயுசு முழுக்கக் கரையில் நிற்கிறது. நெருப்பில் கண்டம் என்று எழுதியிருந்தால் நாம் என்ன செய்கிறோம்? பெண் குழந்தையை அடுப்படிப் பக்கமே விடாமல் வளர்க்கிறோமா? எண்ணெய்ச் சட்டியை எப்படிப் பிடித்து இறக்க வேண்டும், முந்தானையை எங்கே செருக வேண்டும் என்று பத்து வயதிலேயே பழக்கிவிடுகிறோம். தண்ணீருக்கு மட்டும் ஏன் அந்தப் பழக்கம் இல்லை? ஜோசியத்தை நம்புகிறவர்களும் நம்பாதவர்களும் இந்த ஒரு விஷயத்தில் கை கோக்கலாம்: நீரில் கண்டம் உள்ள பிள்ளையை ஊரிலேயே முதல் ஆளாக நீச்சல் வகுப்பில் சேர்க்க வேண்டும்.

இந்தியாவில் ஆண்டுக்கு 30,000-க்கும் மேற்பட்டவர்கள் நீரில் மூழ்கி இறக்கிறார்கள். உல்லாசப் பயணம் போன இடத்துக் கடலில் மூழ்கியவர்கள் அதில் சிறு பகுதிதான். மற்றவர்கள் ஏரியில், கிணற்றில், ஆற்றுப் படித்துறையில், கல்குவாரிக் குட்டையில் போனவர்கள். கோடை விடுமுறையில் ஒரு பையன் வழுக்கி விழுவான், அவனைப் பிடிக்கப் போன இன்னொருவனும் போய்விடுவான். ஏப்ரல், மே மாதங்களில் செய்தித்தாளைப் பிரித்தால் இந்தச் செய்தி இல்லாத வாரம் உண்டா?

சென்னைக்காரர்களுக்கு இதைத் தனியாகச் சொல்லவே வேண்டாம். 2015 டிசம்பரில் கோட்டூர்புரத்திலும் வேளச்சேரியிலும் மாடிக்கு மாடி தண்ணீர் ஏறியபோது நம்மை மீட்க வந்தவர்கள் படகோடு வந்த மீனவர்கள். தண்ணீரோடு பழகிய அவர்கள் வந்தார்கள். படித்து, பட்டம் வாங்கி, அடுக்குமாடியில் குடியேறிய நாம் மொட்டை மாடியில் நின்று கையசைத்தோம். அதற்குப் பிறகும் இந்த நகரம் தன் பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லித்தரத் தொடங்கவில்லை என்பது எனக்குத் தீராத ஆற்றாமை.

பள்ளியில் நீச்சலைக் கட்டாயப் பாடமாக்க வேண்டும் என்று முன்பு நான் எழுதியபோது, ‘அதெல்லாம் பணக்காரப் பிள்ளைகளின் பொழுதுபோக்கு’ என்று ஓர் அன்பர் மூன்று பக்கத்துக்கு மறுப்பு எழுதினார். அவருக்கு அன்று சொன்னதையே இன்றும் சொல்கிறேன்: மூழ்கி இறக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோர் ஏழை வீட்டுப் பிள்ளைகள். பணக்காரப் பிள்ளைக்குப் பயிற்சியாளரை வைத்துச் சொல்லிக்கொடுக்க அப்பா இருக்கிறார். பள்ளிக்கூடம் சொல்லித்தர வேண்டியது மற்றவனுக்கு. விளம்பரத்தில் நீல நிறக் குளத்தின் படத்தைப் போட்டுப் பெற்றோரை இழுத்துவிட்டு, வருஷம் முழுக்க அதைப் பூட்டியே வைத்திருக்கும் பள்ளியும் இந்த ஊரில் உண்டு. அதன் நிர்வாகம் இதைப் படிக்கும் என்றே நம்புகிறேன்.

குற்றாலீஸ்வரனை மறந்திருக்க மாட்டீர்கள். 1994-இல், 12 வயதில், ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடந்த சென்னைப் பையன். நாடே திரும்பிப் பார்த்தது. அடுத்த ஆண்டு தெற்காசியப் போட்டிகளுக்காக வேளச்சேரியில் பெரிய நீச்சல் வளாகம் வந்தது. அந்த இரண்டு ஆண்டுகளின் உற்சாகத்தைப் பிடித்துக்கொண்டு வட்டத்துக்கு ஒரு குளம் கட்டியிருந்தால், அப்போது பள்ளியில் படித்த பெண்களும் பையன்களும் இன்று தங்கள் பிள்ளைகளுக்குத் தாங்களே சொல்லிக்கொடுத்துக்கொண்டிருப்பார்கள்.

சரி, உங்கள் விஷயம். கால் தரையில் படாவிட்டால் பதறுவேன் என்கிறீர்கள். ஸ்நார்க்கெலிங்கில் ஆழத்துக்குப் போகிற வேலையே கிடையாது. நீர்ப்பரப்பின் மேல் குப்புறப் படுத்து, முகத்தை மட்டும் உள்ளே வைத்துப் பார்க்கிறோம், அவ்வளவுதான். அந்த மூச்சுக் குழாயை ஒரு முழத்துக்கு மேல் நீளமாகச் செய்யாததற்கும் காரணம் உண்டு. ஒரு மீட்டர் ஆழத்துக்குப் போனாலே தண்ணீர் நெஞ்சை அழுத்துகிற அழுத்தத்தில் மேலிருந்து காற்றை உறிஞ்சி இழுக்க முடியாது. ஆகவே நீங்கள் மிதக்கிற இடத்தில்தான் இருப்பீர்கள். கீழே ஐந்தடி இருந்தாலும் ஐம்பதடி இருந்தாலும் மிதப்பது ஒன்றுதான். கடல்நீரில் உப்பு இருப்பதால் குளத்தைவிட அது உங்களை நன்றாகவே தாங்கும்.

பதற்றம் வேறு இடத்திலிருந்து வருகிறது. மூக்கு மாஸ்க்குக்குள் அடைபட்டிருக்கும்; வாயால் மட்டுமே மூச்சு. பயந்தவர்கள் குட்டி குட்டியாக, வேகமாக மூச்சு வாங்குவார்கள். அப்போது வெளியே விட்ட காற்று குழாயைத் தாண்டுவதற்குள் அதையே மறுபடி உள்ளே இழுக்கிறோம். கரியமில வாயு ஏற ஏற, காற்றே போதவில்லை என்று உடம்பு அலறும். இன்னும் வேகமாக மூச்சு வாங்குவோம், இன்னும் மோசமாகும். இதற்கு மருந்து, மூச்சை நீளமாக வெளியே விடுவது. உள்ளே இழுப்பதைப் பற்றிக் கவலையே வேண்டாம், வெளியே விட்டால் உள்ளே தானாக வரும். இதைப் பழகக் கடல் வேண்டியதில்லை. ஒரு நல்ல மாஸ்க்கும் குழாயும் சொந்தமாக வாங்கிக்கொண்டு, வீட்டில் டிவி பார்க்கும்போது மாட்டிக்கொண்டு பத்து நிமிடம் உட்காருங்கள். பேரப் பிள்ளைகள் சிரித்தால் சிரிக்கட்டும். பிறகு குளத்தில், இடுப்பளவு நீரில் நின்று, சுவரைப் பிடித்துக்கொண்டு முகத்தை மட்டும் வையுங்கள். முதல் முறை இரண்டு மூச்சுக்குள் தலையைத் தூக்கிவிடுவீர்கள். தூக்குங்கள், யாரும் துரத்தவில்லை. சில நாளில் உங்கள் மூச்சுச் சத்தம் உங்களுக்கே சீராகக் கேட்க ஆரம்பிக்கும். குழாயில் தண்ணீர் புகுந்தால் ‘தூ’ என்று பலமாக ஊதித் தள்ளவும் அங்கேயே பழகிவிடுங்கள். கடலில் சின்ன அலை ஒன்று தலைமேல் போனால் இந்த ஒரு பழக்கம்தான் கை கொடுக்கும்.

மாஸ்க் வாங்கும்போது வாரை மாட்டாமல் முகத்தில் ஒற்றி, மூக்கால் லேசாக இழுத்துப் பாருங்கள். கையை எடுத்த பிறகும் ஒட்டிக்கொண்டு நின்றால் அது உங்கள் முகத்துக்கு ஏற்றது. காதோர முடி ஓர் இழை உள்ளே சிக்கினாலும் தண்ணீர் கசியும். தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு போகாதீர்கள், வார் வழுக்கும். கசிகிறதே என்று வாரை மேலும் இறுக்காதீர்கள், இறுக்கினால் ஓரம் மடங்கி இன்னும் கசியும். மூக்குக் கண்ணாடி போடுகிறவர் என்றால் அதன் மேல் மாஸ்க் உட்காராது. பவர் கண்ணாடி பதித்த மாஸ்க் கிடைக்கிறது, கேட்டு வாங்குங்கள். மாப்பிள்ளைக்கு மீசை இருந்தால் அவருக்கும் கசியும், அதையும் சொல்லிவையுங்கள். முகம் முழுவதையும் மூடுகிற புது மாதிரி மாஸ்க் வேண்டாம். பதற்றம் வந்தால் குழாயை வாயிலிருந்து துப்பிவிடுவதுபோல அதைச் சட்டென்று கழற்ற முடியாது.

ஹேவ்லாக்குக்கு 2018-இலிருந்து ஸ்வராஜ் த்வீப் என்று பெயர். படகுத்துறையில் இரண்டு பெயரும் காதில் விழும். அங்கே எலிஃபன்ட் பீச்சில் லைஃப் ஜாக்கெட் போட்டு, ஒரு மிதவை ட்யூபைப் பிடிக்கச் சொல்லி, கைடு இழுத்துக்கொண்டு போவார். அதைப் பிடிக்கக் கூச்சப்படாதீர்கள். தூத்துக்குடிக் கடலில் 1961 வரை முத்துக்குளிப்பு நடந்தது. கல்லைக் கட்டிக்கொண்டு மூச்சை அடக்கி இறங்குகிறவனின் கயிறு படகில் ஒருவன் கையில் இருக்கும். அதைப் பெண்டாட்டியின் உடன்பிறந்தவன் கையில்தான் கொடுப்பார்கள் என்று அந்தப் பக்கம் சொல்வார்கள். சகோதரியின் தாலிக்கு அவன் பொறுப்பு. கடலிலேயே பிறந்து வளர்ந்தவனுக்கே கயிறும், அதைப் பிடிக்க நம்பகமான ஆளும் வேண்டியிருந்தது. உங்களுக்கு அந்த ஆள் உங்கள் பெண். ‘என் பக்கத்திலேயே இரு, நான் கையை அழுத்தினால் உடனே திரும்ப வேண்டும்’ என்று கரையிலேயே பேசிவிடுங்கள். போர்ட் பிளேயரிலும் (2024-இலிருந்து அதற்கு ஸ்ரீ விஜய புரம் என்று பெயர்) தீவுகளிலும் தமிழர்கள் ஏராளம். கைடிடம் தமிழிலேயே கேட்டுப் பாருங்கள்: ‘எனக்குப் பயம். இடுப்பளவு தண்ணீரில் கொஞ்ச நேரம் பழகிவிட்டுப் போகலாமா?’ சரி என்பவரோடு போங்கள். ‘ஒண்ணும் ஆகாது, வாங்க’ என்று இழுப்பவரோடு போகாதீர்கள், பணம் கட்டியிருந்தாலும் சரி.

முகத்தை உள்ளே வைத்த பிறகு கண்ணுக்கு வேலை கொடுப்பதற்கு முன்னால் காதுக்குக் கொடுங்கள். கறுக்கு முறுக்கென்று ஒரு சத்தம் கேட்டால் கிளிமீன் பவளப்பாறையைக் கொறிக்கிறது என்று அர்த்தம். அது தின்று கழித்த பாறைத்தூள்தான் தீவுகளின் வெள்ளை மணலில் கணிசமான பங்கு. மாஸ்க் கண்ணாடி வழியாகப் பார்க்கும்போது எல்லாம் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகவும், கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதுபோலவும் தெரியும். மீன் முட்ட வருகிறது என்று பயப்பட வேண்டாம். களைத்துப்போனால் மல்லாந்து மிதந்து இளைப்பாறுங்கள், பவளத்தின் மேல் மட்டும் காலை ஊன்றாதீர்கள். அது உயிருள்ள ஜீவன்களின் கூட்டம். கிளை விடும் வகையே ஆண்டுக்குச் சில அங்குலம்தான் வளரும், பாறை மாதிரி திரண்ட வகைக்கு ஓர் அங்குலம்கூடக் கிடையாது. 2004 சுனாமியையும், பிறகு 2010, 2016 ஆண்டுகளின் கடல் சூட்டையும் தாங்கி மிஞ்சியவை அவை. மீனுக்கு பிஸ்கட் போடச் சொல்லிக் கையில் கொடுத்தால் வாங்காதீர்கள். உதிர்ந்து கிடக்கிறதே என்று ஒரு துண்டுப் பவளத்தைக் கூடப் பையில் போடாதீர்கள். வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம், விமான நிலையத்தில் சோதனையும் உண்டு. முதுகு மூடிய முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள். குப்புற மிதக்கும்போது வெயில் சுடுவது தெரியாது, இரவில் படுக்க முடியாமல் தெரியும்.

ரத்த அழுத்தம், இதயக் கோளாறு ஏதாவது இருந்தால் டாக்டரிடம் கேட்காமல் இறங்க வேண்டாம். ஜனவரிக்கு இன்னும் நாள் இருக்கிறது. இந்த வாரமே உங்களுக்குப் பக்கத்தில் உள்ள குளத்தில் சேருங்கள். பெண்களுக்கான நேரம் எது, பெண் பயிற்சியாளர் இருக்கிறாரா என்று கேளுங்கள். மதியம் மொட்டை வெயிலில் ஒரு மணி நேரத்தை ஒதுக்கிவிட்டு, ‘லேடீஸ் யாரும் வர்றதில்லை மேடம்’ என்று பதில் சொன்னார்கள் என்றால், எந்தக் குளம், எந்த நேரம் என்று எனக்கு எழுதுங்கள். அடுத்த இதழில் நான் கேட்கிறேன்.