பதில்: டேனிஷ் மொழியில் 50 எப்படி 'அரை' ஆனது?

கோபன்ஹேகன் கடையில் 'ஹல்த்ரெஸ்' என்றதை முப்பது என்று எடுத்துக்கொண்டு 30 குரோனரை நீட்டியதாக எழுதியிருக்கிறீர்கள். அது 50.

டேனிஷில் 50 முதல் 90 வரை இருபது இருபதாகத்தான் கணக்கு. 'த்ரெஸ்' மூன்று இருபது, 60. 'ஃபீர்ஸ்' நாலு இருபது, 80. நடுவில் வருபவைதான் வம்பு. 'ஹல்' என்றால் அரை. 'ஹல்த்ரெஸ்' என்பதில் இரண்டு இருபது முழுசாகி, மூன்றாவதில் பாதி, ஆக இரண்டரை. இரண்டரை இருபது 50. இப்படியே 'ஹல்ஃபியர்ஸ்' மூன்றரை இருபது, 70. 'ஹல்ஃபெம்ஸ்' நாலரை இருபது, 90. கல்லாவில் நின்று பெருக்கிக்கொண்டிருக்காதீர்கள். அந்த ஊர்க்காரர்களே பெருக்குவதில்லை; ஐந்தையும் மனப்பாடம் செய்துவிடுங்கள்.

நேரத்திலும் இதே அரைதான்: 'ஹல் த்ரே' என்றால் 2.30, மூன்றரை இல்லை. டாக்டர் அப்பாயின்ட்மென்ட் என்றால் ஒரு மணி நேரம் போச்சு!

அப்புறம், ஒற்றை எண் முன்னால் வரும். 52-ஐ 'இரண்டும் ஐம்பதும்' என்பார்கள். போன் நம்பரை இரண்டிரண்டு இலக்கமாகச் சொல்வதால் அவசரத்தில் 25 என்று எழுதிவிடுவோம். நார்வேயில் 1951-இல் பத்தை முன்னால் சொல்லும் முறையை அதிகாரபூர்வமாக்கினார்கள், டென்மார்க் அசையவில்லை. பழகும்வரை கார்டு மெஷின் திரையைப் பார்த்துப் பணம் கொடுங்கள்.