வாசகர் வினா விடை: தொலைக்காட்சிக்குப் பெட்டியா, பழைய கணினியா?

கேள்வி: எங்கள் வரவேற்பறையில் சில ஆண்டுகளுக்கு முன் வாங்கிய 4கே தொலைக்காட்சி உள்ளது. படம் தெளிவாகத்தான் இருக்கிறது. ஆனால் அதிலுள்ள செயலிகள் புதுப்பிக்கப்படாததால், நெட்பிளிக்ஸ் திறப்பதற்குள் பொறுமை போய்விடுகிறது. வெளிநாட்டிலிருக்கும் மகன் ஸ்ட்ரீமிங் பெட்டி (இணையத்தில் வரும் படங்களைத் தொலைக்காட்சியில் காட்டும் சிறு கருவி) ஒன்றை வாங்கச் சொல்கிறார். தம்பியின் மகனோ, சும்மா கிடக்கும் மேசைக் கணினியை எச்டிஎம்ஐ வயரால் இணைத்தால் செலவே இல்லை என்கிறார். 74 வயதான அம்மாவும் பேரப்பிள்ளைகளும்தான் அதிகம் பார்ப்பவர்கள். பிள்ளைகளின் திருமண டிவிடிகளும் ஓர் அலமாரி நிறைய உள்ளன. எதைச் செய்யலாம்?
– ஓய்வுபெற்ற ஆசிரியை, கல்லடி

பதில்: பெட்டியையே வாங்குங்கள், ஆனால் கணினியைப் பழைய இரும்புக்காரரிடம் கொடுத்துவிடாதீர்கள். இரண்டுக்கும் உங்கள் வீட்டில் வேலை இருக்கிறது.

நெட்பிளிக்ஸ் போன்ற சேவைகள் தம் படங்களைப் பூட்டியே அனுப்புகின்றன. அந்தப் பூட்டின் திறவுகோல், சேவை நிறுவனங்களின் அங்கீகாரம் பெற்ற பெட்டிகளில் சில்லுக்குள்ளேயே பதிக்கப்பட்டிருப்பதால், உயர்ந்த தரத்திலான படம் தடையின்றி வந்து சேரும். கணினியில் நிலைமை வேறு. நெட்பிளிக்ஸை 4கே தரத்தில் பார்க்க வேண்டுமானால், விண்டோஸில் எட்ஜ் உலாவியோ நெட்பிளிக்ஸின் செயலியோ இருப்பதோடு, இன்டெல் 7ஆம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்திய செயலகம் (கணினியின் மூளையான சில்லு) போன்ற புதிய வன்பொருளும் வேண்டும். பழைய கணினியை இணைத்தால், 4கே தொலைக்காட்சிக்கும் 4கே சந்தாவுக்கும் பணம் கட்டிவிட்டுக் குறைந்த தரத்திலேயே பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.

"செலவே இல்லை" என்பதும் சரியல்ல. மேசைக் கணினி 60 வாட் எடுப்பதாகவும், நாளொன்றுக்கு 5 மணி நேரம் ஓடுவதாகவும் வைத்துக்கொண்டால், மாதத்துக்கு 9 அலகு மின்சாரம் போகும். 5 வாட் அளவே எடுக்கும் பெட்டிக்கு ஓர் அலகுகூட ஆகாது. இலங்கையில் நம் மின்பட்டியல் படிப்படியாக ஏறும் கட்டணமுறையில் கணிக்கப்படுவதால், எல்லையில் நிற்கும் வீட்டை அந்த 9 அலகே அடுத்த படிக்குத் தள்ளிவிடக்கூடும். கல்லடி போன்ற கடலோர ஊரில் கணினியின் விசிறி உப்புக்காற்றை உள்ளிழுத்துக்கொண்டே இருக்கும் என்பதையும், பெரும்பாலான பெட்டிகளில் விசிறியே இல்லை என்பதையும் நினைவிற்கொள்ளுங்கள். மின்சாரம் திடீரெனப் போனாலும் பெட்டிக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. கணினியின் வன்தட்டுக்கு அது நல்லதல்ல.

உங்கள் அம்மாவுக்கு விசைப்பலகையும் மவுஸும் வேண்டாம். நாலைந்து பொத்தான்கள் உள்ள ஒரு ரிமோட் போதும். தொலைக்காட்சியின் அமைப்புகளில் எச்டிஎம்ஐ-சிஇசி என்பதை இயக்கிவிட்டால், பெட்டியை எழுப்பும்போதே தொலைக்காட்சியும் தானாக எழும்.

இனித் திருமண டிவிடிகள். உங்கள் கடிதத்தில் என் மனத்தைத் தொட்டது இவைதான். உங்கள் மட்டக்களப்பு மாவட்டத்தில் போரையும் 2004ஆம் ஆண்டுச் சுனாமியையும் கடந்துவந்த பல குடும்பங்களுக்கு, மறைந்தவர்கள் நடமாடுவதைக் காண இருக்கும் ஒரே வழி அந்தத் தட்டுகள்தான். கணினியில் பதிவுசெய்த டிவிடியில் தகவல் ஒரு சாயப்படலத்தில் பதிந்திருக்கிறது. வெப்பமும் ஈரப்பதமும் அதைக் காலப்போக்கில் கெடுக்கும். ஸ்ட்ரீமிங் பெட்டிகளில் டிவிடி செருக இடமில்லை, உங்கள் பழைய கணினியில் பெரும்பாலும் இருக்கும். ஆகவே அந்தக் கணினியின் முதல் வேலை இதுவாகட்டும்: ஒவ்வொரு தட்டிலும் உள்ள கோப்புறைகளை அப்படியே ஒரு வெளி வன்தட்டுக்குப் பிரதியெடுங்கள். ஒரு தட்டில் அதிகபட்சமாக 4.7 ஜிபி என்று கொண்டால், 1 டெராபைட் வன்தட்டில் ஏறத்தாழ 200 தட்டுகள் அடங்கும். இன்னொரு பிரதியை எடுத்து உறவினர் ஒருவர் வீட்டில் வையுங்கள். ஒரே கூரையின்கீழ் இரண்டு பிரதிகள் இருப்பது வெள்ளக் காலத்தில் பாதுகாப்பாகாது.

பின்னர் கணினியை உள்ளறையில் வைத்து அந்தக் கோப்புறையை வீட்டு வலையமைப்பில் பகிர்ந்து, பெட்டியில் கோடி என்ற இலவசச் செயலியை நிறுவினால், வரவேற்பறையிலிருந்தே திருமணத்தைப் பார்க்கலாம். 2002ஆம் ஆண்டில் எக்ஸ்பாக்ஸ் விளையாட்டுக் கருவிக்காகத் தொடங்கிய அந்த மென்பொருள், டிவிடி கோப்புறைகளையும் நன்றாக இயக்கும். பார்க்கும் நேரத்தில் மட்டும் கணினியை இயக்கினால் போதும். யூஎஸ்பி துளையுள்ள பெட்டியாக வாங்கினால் வன்தட்டை நேரடியாகவே செருகலாம்; ஆனால் விண்டோஸ் முறையில் வடிவமைத்த வன்தட்டைச் சில பெட்டிகள் வாசிப்பதில்லை என்பதால், கடையிலேயே செருகிப் பார்த்து வாங்குங்கள்.

கேள்வி: ஒரு முறை பணம் கட்டினால் ஆயிரக்கணக்கான சனல்களும் படங்களும் வாழ்நாள் முழுவதும் இலவசம் என்று சொல்லி ஓர் அன்ட்ரொயிட் பெட்டியை மலிவாக விற்கிறார்கள். வாங்கலாமா?
– வாசகர், அக்கரைப்பற்று

பதில்: வாங்காதீர்கள். படைத்தவர்களுக்கு ஒரு சதமும் போகாத திருட்டு ஒளிபரப்பு அது. அதைவிட உடனடியான ஆபத்து ஒன்றும் உண்டு. பெயர் தெரியாத இத்தகைய பெட்டிகள் சிலவற்றில் தீங்குநிரல் தொழிற்சாலையிலேயே புகுத்தப்பட்டிருந்ததை ஆய்வாளர்கள் 2023ஆம் ஆண்டில் வெளிப்படுத்தினார்கள். பாட்பொக்ஸ் எனப்படும், தீங்குநிரல் புகுந்த அத்தகைய கருவிகளின் வலையின் புதிய வடிவம் குறித்து அமெரிக்காவின் புலனாய்வு அமைப்பான எப்பிஐ 2025 ஜூன் மாதத்தில் பொது எச்சரிக்கை விடுத்தது. பெட்டி உங்கள் வைபையில் இணைந்ததும், யாரோ ஒருவர் உங்கள் இணைய முகவரிக்குப் பின்னால் மறைந்து குற்றம் செய்ய வழி பிறந்துவிடுகிறது. கூகுளின் பிளே புரொடெக்ட் என்ற பாதுகாப்புச் சான்றுள்ள பெட்டியை மட்டும் வாங்குங்கள்.

கேள்வி: எங்களிடம் 4ஜி ரவுட்டர்தான் உள்ளது. பெட்டி வாங்கினால் டேட்டா தாங்குமா?
– வாசகி, பொத்துவில்

பதில்: 4கே தரத்தில் மணிக்கு 7 ஜிபி வரையும், எச்டி தரத்தில் 3 ஜிபி வரையும் செலவாகும் என்பது நெட்பிளிக்ஸ் தரும் கணக்கு. தினமும் இரண்டு மணி நேரம் 4கே பார்த்தால் மாதத்துக்கு 420 ஜிபி. எந்த 4ஜி பொதிக்கும் அது பெரும் சுமை. உங்கள் கணக்கின் அமைப்பில் நடுத்தரத்தைத் தெரிவுசெய்தால் மணிக்கு 0.7 ஜிபி அளவில் அடங்கிவிடும், மாதத்துக்கு 42 ஜிபி. பெட்டியை வாங்கிய அன்றே, முதற்படத்தைப் பார்க்கும் முன் இதை மாற்றிவிடுங்கள்.