முதலாளி இல்லாமல் நாமே கிரீன் கார்டுக்கு விண்ணப்பிக்க முடியுமா?

அமெரிக்காவில் எச்1பி விசாவில் இருந்தபடி ஸ்டார்ட்அப் நடத்தும் ஒருவர் தாமே கிரீன் கார்டுக்கு விண்ணப்பிக்க வழி உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். உண்டு. ஒருமுறை நிராகரிக்கப்பட்டு மறுமுறை ஒப்புதல் பெற்றவன் என்ற முறையில் எழுதுகிறேன். நான் வழக்கறிஞன் அல்லன் என்பதை, அதைச் சுட்டிக்காட்டக் காத்திருப்பவர்களுக்காக முன்பே சொல்லிவிடுகிறேன்.

நீங்களும் இந்தியாவில் பிறந்தவர், நிறுவனத்தில் கணிசமான பங்கு வைத்திருப்பவர் என்று எடுத்துக்கொள்கிறேன். அப்படியானால், முதலாளி தொழிலாளர் துறையிடம் லேபர் சான்றிதழ் பெறும் வழக்கமான பெர்ம் வழி உங்களுக்கு ஏறக்குறைய அடைபட்டதுதான். இந்த வேலைக்குத் தகுதியான அமெரிக்கர் கிடைக்கவில்லை என்று உங்கள் நிறுவனமே உங்களுக்காகச் சொன்னால் தொழிலாளர் துறை நம்பத் தயங்கும். எஞ்சியவை இரண்டு. அசாதாரணத் திறமை உள்ளவர்களுக்கான ஈபி-1ஏ பிரிவில், பத்து அளவுகோல்களில் மூன்றையாவது நிறைவேற்றியபின், துறையின் உச்சியில் இருக்கும் சிலரில் நீங்களும் ஒருவர் என்று அதிகாரி ஒப்புக்கொள்ள வேண்டும். உயர்கல்வியோ சிறப்புத் திறனோ உள்ளவர்களுக்கான ஈபி-2 பிரிவின் என்ஐடபிள்யூ, தேசிய நலன் கருதி லேபர் சான்றிதழிலிருந்து விலக்கு அளிப்பது.

நான் இரண்டாவதைத் தேர்ந்தேன். 2016 டிசம்பரில் குடியேற்றத் துறையின் மேல்முறையீட்டு அலுவலகம் தந்த தனசார் தீர்ப்பின்படி, முயற்சிக்குத் தகுதியும் தேசிய முக்கியத்துவமும் உண்டா, அதை நடத்த நீங்கள் ஏற்றவரா, விலக்கு அளிப்பது நாட்டுக்கு நன்மையா என்று மூன்றைப் பார்க்கிறார்கள். என் வழக்கறிஞர் முதல் கேள்விக்கு, செயற்கை நுண்ணறிவு அமெரிக்காவுக்கு எவ்வளவு முக்கியம் என்று பதினோரு பக்கம் எழுதியிருந்தார். அதில் ஓரிடத்தில் வேறு யாரோ ஒருவரின் பெயர் மாற்றப்படாமலே கிடந்ததை, பணத்தை முழுவதும் கட்டிய பிறகுதான் கண்டேன். துறையின் முக்கியத்துவம் வேறு, விண்ணப்பித்தவர் செய்யப்போகும் குறிப்பிட்ட பணியின் முக்கியத்துவம் வேறு என்று கூறி 2022இல் நிராகரித்துவிட்டார்கள். கசந்தது, ஆனால் அதிகாரி சொன்னது சரி.

மறுமுறை முதன்மை அறிக்கையை நானே எழுதினேன். கலிஃபோர்னியாவின் ஃபிரெஸ்னோவைச் சுற்றிய சிற்றூர்களின் கிணறுகளில் நைட்ரேட் கலந்திருப்பதையும், ஓரிரு பணியாளர்களே உள்ள குடிநீர் நிலையங்களுக்கு எங்கள் நிறுவனத்தின் உணரிக் கருவி எச்சரிக்கை அனுப்புவதையும், இதே சிக்கல் உள்ள பிற மாநிலங்களுக்கு அதை எப்படிக் கொண்டுபோவேன் என்பதையும் மட்டும் சொன்னேன். கடிதங்களைப் பழைய பேராசிரியர்களிடம் வாங்காமல், கருவியை விலை கொடுத்து வாங்கி அன்றாடம் பயன்படுத்துகிற மூன்று நிலையப் பொறுப்பாளர்களிடம் வாங்கினேன்; அவற்றில் ஒன்று கருவியின் குறையையும் சொன்னது, அதை நீக்காமலே சேர்த்தேன். 2023இல் விரைவுப் பரிசீலனைக்கான பிரீமியம் கட்டணம் செலுத்தி, 45 நாள் கெடுவுக்குள் ஐ-140 என்ற மனுவுக்கு ஒப்புதல் வந்தது. முதலீட்டைத்தான் பார்க்கிறார்கள் என்று சிலர் வாதிடுவார்கள். அதுவும் ஆதாரம்தான், ஆனால் என்னிடம் பெரிய முதலீடு எதுவும் இருக்கவில்லை.

ஒப்புதல் என்பது கிரீன் கார்டு அன்று. ஒரு நாட்டுக்கு ஏழு விழுக்காடு என்ற வரம்பால், ஈபி-2இல் இந்தியர்களின் வரிசை பத்தாண்டுக்கும் மேல் பின்தங்கியிருக்கிறது. ஆனாலும் எச்1பியை ஆறு ஆண்டுக்குப் பிறகும் நீட்டிக்க இந்த ஒப்புதல் உதவுகிறது. பின்னர் ஈபி-1ஏ கிடைத்தால் வரிசையில் நம் இடத்தைக் குறிக்கும் பழைய பிரயாரிட்டி தேதியை அங்கே கொண்டுபோகலாம் என்பதால், அதற்கான ஆதாரங்களை இப்போது சேர்த்து வருகிறேன். உங்கள் வாழ்க்கைத் துணை இலங்கையிலோ சிங்கப்பூரிலோ பிறந்தவராக இருந்தால், அந்த நாட்டின் கணக்கில் உங்களையும் சேர்த்துக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. என் மனைவி மதுரையில் பிறந்தவர்.